வாடிக்கையாளர் தேடும்போது நம் கடை கண்ணில் படுமா? சிங்கப்பூர்ச் சிறு வியாபாரிகளின் கேள்விகளும் பதில்களும்

தேக்காவிலும் சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருக்களிலும் கடை வைத்திருப்பவர்கள், வீவக வீட்டிலிருந்தே முறுக்கும் கேக்கும் செய்து விற்பவர்கள், துணைப்பாட ஆசிரியர்கள், நடனப் பள்ளி நடத்துபவர்கள் எனப் பலருக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்து வருகிறேன். தேநீர் குடித்துக்கொண்டே அவர்கள் என்னிடம் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும்தான் இவை. ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கும் உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

இன்பவுண்ட் மார்க்கெட்டிங் என்கிறார்கள், எஸ்இஓ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை, ஒன்றுக்குள் ஒன்று. எம்ஆர்டி வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுக்கிறோம். வாங்குபவர் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார். நம் கடையைப் பற்றி நினைக்க அவருக்கு அப்போது நேரமிருக்காது. அது நாம் ஆளைத் தேடிப் போவது. இன்பவுண்ட் என்றால் ஆள் நம்மைத் தேடி வருவது. இரவு பதினொரு மணிக்குச் செங்காங்கில் ஓர் அம்மா, மகளின் அரங்கேற்றத்துக்கு நகை செட் வாடகைக்குக் கிடைக்குமா என்று கைத்தொலைபேசியில் தட்டுகிறார். அந்த நேரத்தில் அவர் கேள்விக்குப் பதில் நம் பக்கத்தில் இருந்தால், மறுநாள் காலையில் நமக்கு ஒரு வாட்ஸ்அப் வரும்.

அந்தப் பதிலை எழுதி வைப்பது, அது தேடலில் அகப்படச் செய்வது, வந்தவரை விசாரிக்க வைப்பது, வாங்கியவரை மறுபடி வரவைப்பது எல்லாம் சேர்ந்ததுதான் இன்பவுண்ட். தேடலில் அகப்படச் செய்யும் வேலைக்கு எஸ்இஓ என்று பெயர். அமெரிக்காவில் 2006ல் பிரையன் ஹாலிகனும் தர்மேஷ் ஷாவும் தொடங்கிய ஹப்ஸ்பாட் நிறுவனம் இன்பவுண்ட் என்ற சொல்லைப் பரப்பியது.

கையில் பெரிய பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து. நான் இத்தனை ஆண்டுகளில் கற்றதில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு தையல்கடை. நடத்துபவர் ஓர் அக்கா. இணையத்தளம் இருந்தும் அதிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று வருத்தப்பட்டார். மூன்று வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். கடைக்கு வருபவர், போன் செய்பவர், வாட்ஸ்அப்பில் எழுதுபவர் என்ன கேட்டாலும் அவர்களுடைய வார்த்தையிலேயே எழுதி வைக்க வேண்டும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார். முதல் பக்கத்தில் இருந்தவை இவை:

“லைனிங் துணி நீங்களே போடுவீங்களா, நான் வாங்கிட்டு வரணுமா?”
“அளவு பிளவுஸ் கொடுத்தா போதுமா, நேர்ல வரணுமா?”
“பழைய பிளவுஸ் டைட்டா இருக்கு, பிரிச்சுத் தைக்க முடியுமா?”
“ஆரி வேலைக்கு எவ்வளவு?”
“தீபாவளிக்குக் கடைசி ஆர்டர் எப்ப வரைக்கும் எடுப்பீங்க?”

கடைசிக் கேள்வி மட்டும் மூன்று பக்கங்களில் திரும்பத் திரும்ப இருந்தது. அவருடைய இணையத்தளத்தைத் திறந்து பார்த்தோம். வரவேற்புரை இருந்தது, தரத்தைப் பற்றி இரண்டு பத்தி இருந்தது, கடை தொடங்கிய கதை இருந்தது. இந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அங்கே பதில் இல்லை. வாடிக்கையாளர் கடையில் கேட்பதைத்தான் கூகுளிலும் கேட்கிறார். அங்கே பதில் கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதினோம். அக்கா வாயால் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பழைய பிளவுஸைப் பிரிப்பது பற்றிய பக்கத்தில், உள்ளே தையலோரம் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, அதைப் படமெடுத்து எப்படி அனுப்புவது என்று விளக்கினார். அப்படியொரு விவரம் கையில் ஊசி பிடித்தவருக்குத்தான் வரும். தீபாவளிக்குக் கடைசி ஆர்டர் தேதிக்குத் தனிப் பக்கம் வைத்தோம். ஆண்டுதோறும் அதே முகவரி. தேதி மட்டும் மாறும். புதிய பக்கம் போட்டால் பழைய பக்கம் சேர்த்து வைத்த மதிப்பு வீணாகும். அடுத்த தீபாவளிக்கு முன் கடைக்கு வந்த பலர், “கடைசித் தேதி போட்டிருந்தீங்களே, அதான் முன்னாடியே வந்துட்டேன்” என்றார்களாம். அக்கா அதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

கூகுள் யாரை முதலில் காட்டும் என்று எப்படி முடிவாகிறது?

மூன்று படிகள். முதலில் கூகுளின் நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிறது. படித்ததைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது. யாராவது தேடும்போது, அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. கேள்விக்குப் பக்கம் எவ்வளவு நேராகப் பதில் சொல்கிறது, பிற தளங்கள் அதை எவ்வளவு மதித்து இணைப்புக் கொடுத்திருக்கின்றன, தேடுபவர் எங்கே இருக்கிறார், கைத்தொலைபேசியில் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறதா எனப் பலவற்றைப் பார்க்கிறது. விளம்பர இடங்களைத் தவிர மற்ற இடங்களுக்குக் கூகுள் காசு வாங்குவதில்லை.

உங்கள் பக்கம் அட்டவணையில் இருக்கிறதா என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் பார்க்கலாம். புதிதாகத் தளம் தொடங்கியவர் அன்றைக்கே அதில் பதிந்து, தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பையும் கொடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

இரண்டிலும். ஆனால் எதற்கு எது என்று யோசித்து எழுத வேண்டும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் இங்கே 2.5 விழுக்காடு, 2010ல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் மனது கனக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வியாபாரி என்ற முறையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ் பேசும் வீடுகளிலும் பலர் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். பட்டுப்புடவை என்பதையும் பொங்கல் பானை என்பதையும்கூட ஆங்கில எழுத்தில் எழுதித் தேடுகிறார்கள். இன்னும் சிலர் சொல்லுக்குச் சொல் மொழி மாற்றுகிறார்கள்.

உட்லண்ட்ஸில் தமிழ் துணைப்பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் தளம் முழுவதையும் அழகான தமிழில் எழுதியிருந்தார். ஆனால் அவரைத் தேட வேண்டியவர்கள் பெற்றோர். பிள்ளைக்குத் தமிழ் தடுமாறுகிறது என்று கவலைப்படும் பெற்றோரில் பலருக்குத் தமிழ் வாசிக்கச் சரளமாக வராது. அவர்கள் ஆங்கிலத்தில் “பிஎஸ்எல்இ தமிழ் ஓரல்” என்று தேடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் என்ன நடக்கும், வீட்டில் எப்படிப் பழக்குவது என்று பெற்றோருக்காக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பிள்ளைகளுக்கான பயிற்சிப் பக்கங்கள் தமிழிலேயே இருந்தன. இரண்டும் தனித்தனிப் பக்கங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்பு உண்டு. ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று கலந்தால் அது எந்த மொழிப் பக்கம் என்று கூகுளுக்கும் பிடிபடாது, வாசிப்பவருக்கும் சிரமம்.

தமிழில் எழுதுவது வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திவசத்துக்கு என்னென்ன வாங்க வேண்டும், புதுமனைப் புகுவிழாவுக்கு எவ்வளவு பால் தேவைப்படும் போன்ற கேள்விகளுக்கு இங்குள்ள நிலவரப்படி தமிழில் பதில் எழுதியிருப்பவர்கள் மிகக் குறைவு. போட்டி இல்லாத இடம் அது. அங்கே போய் உட்காருங்கள்.

தமிழில் போட்ட பதிவு தேடலில் வரவே மாட்டேன் என்கிறதே?

பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம். ஒன்று, விவரம் எல்லாம் படத்துக்குள் இருக்கிறது. தீபாவளிச் சலுகையை வண்ணமயமான சுவரொட்டியாகச் செய்து படமாகப் போட்டிருப்பீர்கள். கண்ணுக்கு அது எழுத்து, ஆனால் கூகுளுக்கு முதலில் அது படம்தான். அதே விவரத்தைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் தட்டிவிடுங்கள்.

இரண்டாவது, பழைய எழுத்துரு. பாமினி போன்றவற்றில் தட்டிய கோப்புகளை அச்சகத்திலிருந்து வாங்கி அப்படியே ஒட்டிவிடுவார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கோ அது ஆங்கில எழுத்துகளின் குவியல்தான். எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அது தமிழாகிறது. மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உள்ளன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் அடிக்கடி இடம் மாறிவிடும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக் எல்லாம் இருக்கிறதே, தனியாக இணையத்தளம் எதற்கு?

அவை வாடகைக் கடை மாதிரி. நேற்றுப் போட்ட காணொளி ஒரு வாரத்தில் கீழே போய்விடும், கணக்கு முடங்கினால் எல்லாமே போய்விடும். உங்கள் தளத்தில் எழுதிய நல்ல பதில் மூன்று ஆண்டு கழித்தும் ஆள் கொண்டுவரும். சமூக ஊடகத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அங்கே முகம் காட்டுங்கள், முழு விவரத்துக்குத் தளத்துக்கு அழைத்து வாருங்கள்.

கூகுள் மேப்பில் கடை வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

தெருவில் கடை வைத்திருப்பவருக்கு இணையத்தளத்தைவிட இதுதான் முதல் வேலை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்றார்கள். கட்டணம் கிடையாது. பதிந்ததும் கடை உங்களுடையதுதானா என்று சரிபார்ப்பார்கள். பெயர்ப்பலகை, தெரு, உள்ளே கல்லா எல்லாம் தெரிகிற மாதிரி காணொளி எடுத்து அனுப்பச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது.

பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்தும்போது பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்.

பொருத்தத்துக்கு முக்கியமானது முதன்மை வகை. புடவைக் கடை வைத்துக்கொண்டு பொதுவாக “துணிக்கடை” என்று தேர்ந்தெடுத்தால், புடவை தேடுபவருக்கு நீங்கள் பின்னால் போய்விடுவீர்கள். எது உங்கள் முதல் வியாபாரமோ அதையே முதன்மை வகையாக வையுங்கள். கடையின் பெயரில் மட்டும் தேடல் சொற்களைச் சேர்க்காதீர்கள். பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் இருக்க வேண்டும். மீறினால் பதிவையே நிறுத்தி வைக்கலாம்.

முகவரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஏறக்குறைய ஒரு கட்டடத்தையே காட்டிவிடும். தேக்கா சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: பஃபலோ ரோடு, புளோக் 665, அஞ்சல் குறியீடு 210665. கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணேதான். ஆனால் அந்த ஒரே குறியீட்டுக்குள் நூற்றுக்கணக்கான கடைகள் இருக்கின்றன. யூனிட் எண்ணை எழுதாமல் விட்டால் வாடிக்கையாளர் ஈரச்சந்தைக்கும் மேல்மாடித் துணிக்கடைகளுக்கும் இடையே அலைவார். கூகுளில், ஃபேஸ்புக்கில், தளத்தில், பில்லில் எல்லாம் முகவரி ஒரே மாதிரி இருக்கட்டும். எந்த எம்ஆர்டி வாசலில் இறங்கி எப்படி நடந்து வருவது என்று இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்த வட்டாரங்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் காட்டலாம். பாதுகாப்புக்கும் அதுவே நல்லது.

பண்டிகை நாள்களில் கடை திறந்திருக்கும் நேரத்தைத் தனியாகப் போடுங்கள். திறந்திருக்கிறது என்று காட்டியதை நம்பி ஜூரோங்கிலிருந்து வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வரமாட்டார்.

ரிவ்யூ எழுதினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்று பலகை வைக்கலாமா?

வேண்டாம். பதிலுக்கு ஏதாவது கொடுத்து விமர்சனம் வாங்குவதைக் கூகுளின் விதி தடை செய்கிறது. காசு கொடுத்துப் போலி விமர்சனம் வாங்குவது அதைவிட மோசம். சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அதை நியாயமற்ற வர்த்தக நடைமுறையாகப் பார்க்கிறது.

கேட்பதில் தவறில்லை. பொருளை வாங்கி மனம் நிறைந்து நிற்கும்போது, “ரெண்டு வரி எழுதினா எங்களுக்கு உதவியா இருக்கும்மா” என்று சொல்லிக் கியூஆர் அட்டையை நீட்டுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி.

குறை சொல்லி எழுதியவருக்கும் பதில் எழுதுங்கள். கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள். என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்வீர்கள், யாரைத் தொடர்புகொள்ளலாம் என்ற மூன்றும் இருந்தால் போதும். அதை வாசிக்கப்போகும் புதிய வாடிக்கையாளர்தான் உங்களுக்கு முக்கியம்.

தேடலில் நம் பக்கத்தின் தலைப்பு எப்படி இருக்க வேண்டும்?

நிறைய தளங்களில் முதல் பக்கத்தின் டைட்டில் “முகப்பு” என்று மட்டுமே இருக்கும். தேடல் முடிவில் நீல நிறத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் அந்த வரிதான். அக்கா கடையில் “சேவைகள்” என்று இருந்ததை, “பழைய பிளவுஸ் பிரித்துத் தைத்தல், லிட்டில் இந்தியா” என்று மாற்றினோம். என்ன வேலை, எந்த இடம் என்பது இரண்டே நொடியில் தெரிகிறது. தலைப்பு நீண்டால் கூகுள் பாதியில் வெட்டிவிடும்.

அதன் கீழே வரும் சிறு விளக்கம் வரிசையில் உங்களை மேலே தூக்காது. ஆனால் படித்துவிட்டு ஆள் தட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அங்கேதான். மெட்டா கீவேர்ட்ஸ் என்று, பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக இருக்கும் தேடல் சொல் பட்டியலை யாராவது நிரப்பித் தருகிறேன் என்றால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

தளம் மெதுவாகத் திறக்கிறது. அது பெரிய விஷயமா?

ஆமாம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் காட்டிவிடும். நான் பார்த்தவரை குற்றவாளி அநேகமாகப் படங்கள்தான். கைத்தொலைபேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள்.

மாதம் இவ்வளவு கொடுத்தால் முதலிடம் நிச்சயம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. நம்பலாமா?

முதலிடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது. கூகுளே அப்படித்தான் எச்சரிக்கிறது.

இதில் நானே தவறு செய்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், பூஜைப் பொருள் விற்கும் ஒருவருக்காக வெளியில் ஒரு நிறுவனத்திடம் பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகள், வாங்கினேன். சூதாட்டம், மருந்து, சப்பாத்து என்று சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து அவர் கடைக்கு இணைப்புகள் வந்தன. கொஞ்ச நாள் ஏறியது. பிறகு, பெயரைச் சொல்லித் தேடினால்கூட மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. 2012ல் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்ததிலிருந்து இப்படிப்பட்ட செயற்கை இணைப்புகளைக் கூகுள் விடாமல் பிடிக்கிறது என்பதை நான் ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த இணைப்புகளைத் துப்புரவு செய்யப் பல மாதங்கள் ஆயின. என்னை நம்பிக் கடைச் சாவியையே கொடுத்தது போல் பாஸ்வேர்டைக் கொடுத்தவர் அவர். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

நல்ல இணைப்பு வேண்டுமென்றால் உண்மையான உறவிலிருந்து வரட்டும். லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷாவிலோ சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையிலோ உறுப்பினராக இருந்தால் அவர்கள் பட்டியலில் உங்கள் தள முகவரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் ஒரு நிகழ்ச்சிக்கு ஆதரவு தந்திருந்தால், ஏற்பாட்டாளரின் தளத்தில் உங்கள் இணைப்பைக் கேளுங்கள். நடனப் பள்ளிக்கு உடை தைத்துக் கொடுத்திருந்தால் பள்ளியின் பக்கத்தில் ஒரு வரி கேளுங்கள்.

யாரையாவது அமர்த்துவதென்றால், என்ன செய்யப்போகிறீர்கள் என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தளம், டொமைன் எனும் தள முகவரி, கூகுள் கணக்குகள் எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

நான்கு மாதத்திலிருந்து ஓராண்டு. கூகுளில் வேலை செய்தவர்களே சொன்ன கணக்கு அது. என் அனுபவமும் அதுதான். தீபாவளி வியாபாரத்துக்கு வேண்டிய பக்கங்களை மே, ஜூனிலேயே எழுதிவிட வேண்டும். லிட்டில் இந்தியாவில் ஒளியூட்டு தொடங்கிய பிறகு வந்து, “தம்பி, ஏதாவது செய்யுங்க” என்று கேட்பவர்களிடம் அந்த ஆண்டுக்கு விளம்பரம் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் கூகுள் விளம்பரம் தேவையா?

அவசரத்துக்கும் பண்டிகைக் காலத்துக்கும் தேவை. காசு நிற்கும்போது அதுவும் நின்றுவிடும். இன்னொரு பயனும் உண்டு: எந்தச் சொல்லைத் தேடி வந்தவர் உண்மையில் வாங்கினார் என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். அந்தச் சொல்லுக்கு நிதானமாக ஒரு நல்ல பக்கம் எழுதலாம்.

சாட்ஜிபிடியைக் கேட்டு நூறு கட்டுரை எழுதிப் போட்டால் என்ன?

கட்டுரையை எழுதியது மனிதரா இயந்திரமா என்பதைவிட, வாசிப்பவருக்கு உதவுகிறதா என்பதைத்தான் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. ஆனால் வரிசையில் ஏறுவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்து குவிப்பதை 2024 மார்ச்சில், ஸ்பேம் எனப்படும் குப்பைப் பக்கங்களுக்கு எதிரான விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டது. பிழை திருத்தவும் மொழிபெயர்ப்பின் முதல் படிக்கும் அந்தக் கருவியைப் பயன்படுத்துங்கள். தையலோரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று பார்க்கும் விதத்தை அக்காவின் விரல்தான் அறியும்.

இப்போது தேடல் முடிவின் உச்சியிலேயே ஏஐ எழுதிய சுருக்கம் வருகிறது. பொதுவான கேள்விகளுக்கு ஆள்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், உண்மைதான். உங்கள் கடை, உங்கள் விலை, உங்கள் தேதி போன்ற விவரங்களுக்கு அந்தச் சுருக்கமும் உங்கள் பக்கத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

விலையைத் தளத்தில் போட்டால் போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவாரே?

அவர் ஆளனுப்பியே விசாரித்துவிடுவார். விலை தெரியாமல் பின்வாங்கும் வாடிக்கையாளரை நினைத்துக் கவலைப்படுங்கள். ஒரே விலை சொல்ல முடியாத வேலையென்றால் “இத்தனை வெள்ளியிலிருந்து” என்று போட்டு, எதனால் கூடும் என்று விளக்குங்கள். பொருள் சேவை வரிக்குப் பதிந்தவர்கள், வரி சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அது 9 விழுக்காடு.

வாடிக்கையாளர்களின் எண்கள் நிறைய இருக்கின்றன. எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் சலுகை அனுப்பலாமா?

எண் இருக்கிறது என்பதால் மட்டும் அனுப்பக்கூடாது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக எண்ணைக் கேட்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துவைக்கும் டூ நாட் கால் பதிவேடு 2014 ஜனவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. தெளிவான சம்மதம் தராதவர்களுக்கு விளம்பரம் அனுப்புமுன் அந்தப் பதிவேட்டில் எண் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தகவல்களைக் காக்கத் தவறினால் அபராதம் 1 மில்லியன் வெள்ளி வரை போகலாம்.

உறுப்பினர் அட்டைப் படிவத்தில் என்ஆர்ஐசி எண் கேட்கும் பழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. சட்டப்படி தேவைப்படுவது போன்ற சில நிலைகளைத் தவிர, 2019 செப்டம்பர் 1லிருந்து அது கூடாது. பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் போதும்.

படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள்: “புதிய வரவும் பண்டிகைச் சலுகையும் வாட்ஸ்அப்பில் தெரிவிக்கலாம்.” முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். டிக் போட்டவர்கள் பத்துப் பேர் என்றாலும் அவர்கள் உங்கள் செய்தியை எதிர்பார்க்கும் பத்துப் பேர். நிறுத்தச் சொன்னால் அன்றே நிறுத்துங்கள்.

அரசாங்க உதவி கிடைக்குமா?

என்டர்பிரைஸ் சிங்கப்பூரின் உற்பத்தித்திறன் தீர்வு மானியம், முன்னரே அங்கீகரித்த மின்னிலக்கத் தீர்வுகளுக்குத் தகுதிபெறும் செலவில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் நேராக அவர்கள் தளத்தில் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: விண்ணப்பிக்கும் முன்பே விற்பனையாளருக்குப் பணம் கட்டிவிட்டால் மானியம் கிடைக்காது.

செய்ததெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

சர்ச் கன்சோலில் என்னென்ன சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை முறை தட்டி உள்ளே வந்தார்கள் என்பது 16 மாதங்களுக்கு இருக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். தினமும் பார்த்தால் மனம்தான் அலைபாயும். நிறைய பேருக்குத் தெரிந்தும் ஒருவரும் தட்டாத பக்கம் இருந்தால் தலைப்பை மாற்றுங்கள். நீங்கள் எழுதவே இல்லாத கேள்வி ஒன்றுக்கு உங்கள் தளம் கீழே எங்கோ தெரிந்தால், அதுதான் அடுத்து எழுத வேண்டிய பக்கம்.

கல்லாவில் கேட்பதையும் விடாதீர்கள். “எங்களை எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டு, கூகுள், மேப், தோழி சொன்னார், தெருவில் நடந்து போனபோது பார்த்தேன் என்று நான்கு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அக்கா இன்றைக்கும் அந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் போடுகிறார். போன வாரம் போயிருந்தபோது புதிதாக ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “பட்டுப்பாவாடை நீளம் இறக்கித் தருவீங்களா, பிள்ளை ஒரே வருஷத்துல வளர்ந்துட்டா.” அந்தப் பக்கத்தை இந்த வாரம் எழுதுகிறோம்.